கோஃபியின் முழங்கால்

சிறுநீர் சிவப்பாக இருந்தது. இடைவேளையில், உடைமாற்றும் அறையின் கழிவறைக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் பீட்ரூட் சாப்பிட்டேனா என்று யோசித்தேன். இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பயிற்சியாளர் இரண்டாம் பாதியில் நாங்கள் எப்படி நிற்கவேண்டும் என்று பலகையில் கோடு கிழித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

நான் தெற்கு லண்டனில் கீழ்ப் பிரிவு ஒன்றில் ஆடும் கழகத்தின் பின்வரிசை வீரன். தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் கழகம் அல்ல. ஆனாலும் உதைபந்தாட்டம்தான் எனக்குச் சோறு போட்டது. இலங்கையின் மன்னாரிலிருந்து சிறுவனாக அம்மாவோடு லண்டனின் மிச்சம் என்ற பகுதிக்கு வந்தவன் நான். பெரிய கழகமொன்றின் இளையோர் பிரிவு பதினாறு வயதில் என்னைக் கழித்துவிட்டது. அதன் பிறகு ஹவுன்ஸ்லோவில் விமானச் சரக்குக் களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் சின்னக் கழகங்களுக்கு ஆடினேன். எனக்கு முழுநேர ஒப்பந்தம் கிடைத்தபோது என் வயதுக்காரர்கள் ஐந்தாறு வருடம் ஆடி முடித்திருந்தார்கள். நான் வேகமானவன் அல்ல. உயர வரும் பந்தைத் தலையால் அடித்து வெளியேற்றுவேன், எங்கே அடி விழும் என்று தெரிந்தாலும் போவேன். என்னை வைத்திருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றும் அப்படித்தான் போனேன். மூலையிலிருந்து வந்த பந்துக்கு நானும் எதிரணி முன்வரிசை வீரன் கோஃபியும் ஒன்றாக எழும்பினோம். பந்தை நான் அடித்தேன். அவனுடைய முழங்கால் என் இடது விலாவுக்குக் கீழே இறங்கியது. கோஃபியும் நானும் இளையோர் பிரிவில் ஒன்றாக ஆடியவர்கள், ஒரே நாளில் கழிக்கப்பட்டவர்கள். கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான். மூச்சு வர நேரம் எடுத்தது. ஆனாலும் எழுந்து ஆடினேன்.

எங்கள் பிசியோ ரேச்சல் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது? உடுப்பைத் தூக்கு.”

அவள் இரண்டு விரலால் முதுகுப் பக்கம் தொட்டதும் நான் கத்திவிட்டேன்.

“சிறுநீர் என்ன நிறம்?”

பயிற்சியாளர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆடப் போகவேண்டும் என்ற எண்ணம் அந்த நேரத்திலும் மனதில் இருந்தது. “சிவப்பு” என்றேன். அவள் ஓடிப்போய் அம்புலன்சுக்குச் சொன்னாள்.

இதை எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான். அடிபட்ட பிறகோ, அடியே படாமலோ, சிறுநீரில் இரத்தத்தைக் கண்டால் மறைக்காதீர்கள். எங்கள் ஆண்களுக்கு இதைப்பற்றி வாய் திறக்கக் கூச்சம். எனக்கும் இருந்தது.

வைத்தியசாலையில் என் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றி, பெரிய வளையம்போல இருந்த ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்தார்கள். உடம்பைப் பாண் ரொட்டியை வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும் இயந்திரம் அது. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, படுத்த இடத்திலேயே சலம் போய்விட்டதுபோல இருக்கும். போயிருக்காது. முன்னமே சொல்லிவைத்தார்கள், இருந்தும் நான் கையால் தடவிப் பார்த்தேன்.

இடது சிறுநீரகம் கிழிந்திருந்தது. அதைச் சுற்றி இரத்தம் கட்டியிருந்தது. பெரும்பாலும் தானாக ஆறிவிடும், ஆனால் கட்டிலை விட்டு அசையக்கூடாது என்றார்கள். சிறுநீர் போகக் குழாய் வைத்து, கட்டில் ஓரத்தில் பை தொங்கவிட்டார்கள். வருகிற தாதிகள் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பையைப் பார்த்தார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பையின் நிறத்தைத் தெரிந்துகொள்ளப் பழகினேன்.

என் மனைவி டிலானி கவுன்சிலில் வேலை செய்கிறாள். வாடகைக்கு இருப்பவர்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் வேலை. யார் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாதவள். அன்று வந்தவுடன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அமலி உங்கட அம்மாவோட நிக்கிறா. அப்பா பந்து விளையாடி விழுந்திட்டார் எண்டு சொன்னன்” என்றாள். அமலி எங்கள் மகள்.

“பெரிசா ஒண்டுமில்லை. ஆறிடுமாம்.”

“டொக்டர் சொல்லட்டும். நீங்கள் கதையாதேங்கோ.”

மறுநாள் பின்னேரம் நிலைமை மாறியது. பையில் இருந்தது மறுபடி கடும் சிவப்பாகியது. எனக்கு வியர்த்தது, ஆனால் குளிர்ந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி சத்தம்போட, ஒரு தாதி வந்தாள். அவள் போய் இன்னும் இரண்டு பேரோடு வந்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி யார் யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. இரத்தம் இன்னும் உள்ளே கசிந்துகொண்டிருக்கிறது, அடைக்கவேண்டும் என்று யாரோ என் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா வந்துசேர்ந்திருந்தார். கையில் செபமாலை. கட்டிலோடு சேர்ந்து நடந்தபடி, “மகன், நான் இஞ்சதான் நிக்கிறன். எங்கயும் போகமாட்டன்” என்றார். லிஃப்ட் கதவு மூடும்வரை அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

மயக்கம் தரவில்லை. தொடை இடுக்கை மட்டும் மரக்கச் செய்து, அங்குள்ள இரத்த நாடி வழியாக நூல் போன்ற ஒரு குழாயைச் சிறுநீரகம்வரை செலுத்தினார்கள். எந்தக் கிளையில் கசிகிறது என்று திரையில் பார்த்து, அதற்குள் சின்ன உலோகச் சுருள்களை இறக்கி அடைத்தார்கள். எனக்கு நோகவில்லை. ஆனால் வைத்தியர்கள் பேசுவது முழுக்கக் கேட்டது. “இன்னும் கசிகிறது” என்றார் ஒருவர். பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. மைதானத்தில் கோல் விழுந்ததா இல்லையா என்று நடுவரைப் பார்த்து நிற்கும் நேரம் இப்படித்தான் இருக்கும். ஆனால் அங்கே நிற்கலாம், கையைக் காலை அசைக்கலாம். இங்கே கண்ணை மட்டும்தான் அசைக்க முடிந்தது. கடைசியில் அந்தக் குரல், “சரி, நின்றுவிட்டது” என்றது.

பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை ஹெலன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். அதுவரை வந்த வைத்தியர்கள் எல்லாரும் நின்றுகொண்டே பேசினார்கள். இவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதிரையைக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு உட்கார்ந்தார். டிலானி என் கையைப் பிடித்தாள்.

“ஸ்கேனில் கிழிவு மட்டும் தெரியவில்லை. அதே சிறுநீரகத்தின் நடுப்பகுதியில் ஒரு கட்டி இருக்கிறது. அது இந்த அடியால் வந்ததல்ல. முன்னமே இருந்திருக்கிறது.”

“என்ன கட்டி?” என்று டிலானி கேட்டாள்.

“தீங்கில்லாத கட்டியாகவும் இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். சுற்றிலும் இரத்தம் கட்டியிருப்பதால் இப்போது சரியாகச் சொல்ல முடியாது. ஊசியால் துண்டு எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பதிலை நம்ப முடியாது. இரத்தம் வற்றட்டும். சில வாரங்களில் இன்னொரு ஸ்கேன் எடுப்போம்.”

எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. வாரம் முழுக்க ஓடினேன், பாரம் தூக்கினேன், கழக வைத்தியர் ஆண்டுதோறும் சோதித்தார். இத்தனைக்கும் உள்ளே அது இருந்திருக்கிறது. ஹெலன் போனபிறகு டிலானி தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் கோஃபி வந்தான். திரைச்சீலைக்கு வெளியே அவனுடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. உள்ளே வரவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருக்கிறான். அம்மா கீழே குனிந்து பார்த்துவிட்டு, “ஆரோ நிக்கினம்” என்று சீலையை விலக்கினார்.

“மன்னித்துவிடு, ஜூட். நான் பந்தைத்தான் பார்த்தேன். உன்னை அம்புலன்சில் ஏற்றியது ஆட்டம் முடிந்தபிறகுதான் தெரியும். இரண்டாவது முறை இரத்தம் போனது என்று கேள்விப்பட்டதிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை.”

நான் வீட்டாரைத் தவிர யாருக்கும் சொல்லாததை அவனுக்குச் சொன்னேன். கட்டி இருக்கிறது. உன் முழங்கால் படாமல் இருந்தால் ஸ்கேன் எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்திருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

ஆறடிக்கு மேல் உயரமான மனிதன். பார்வையாளர் கதிரையில் மடங்கி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

“ஏன் மகன் இந்தப் பிள்ளை அழுகுது?” என்று அம்மா கேட்டார். அவருக்கு ஆங்கிலம் விளங்கும், ஆனால் இவ்வளவு வேகமாகப் பேசினால் விளங்காது. நான் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. என்னை இடித்தவன் யார் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அம்மா எழுந்து போய் அவனுக்கு முன்னால் குனிந்து, அவனுடைய வலது முழங்காலில் கை வைத்தார். பிறகு அந்தக் கையாலேயே தன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எனக்குக் கொண்டுவந்த சோற்றுப் பெட்டியைத் திறந்து அவன் மடியில் வைத்து, “ஈட், மகன்” என்றார்.

என்னை இடித்தது இடது முழங்காலால் என்று கோஃபி பிறகு எனக்குச் சொன்னான். அம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காத்திருந்த வாரங்கள்தான் வைத்தியசாலையை விடக் கொடுமை. பாரம் தூக்கக்கூடாது, அமலியையும் தூக்கக்கூடாது. அவள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். டிலானி இடையில் புகுந்து அவளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடிப்பாள். கழகத்து மனேஜர் அழைத்தார். “வேண்டிய காலம் எடுத்துக்கொள், உடம்புதான் முக்கியம்” என்றார். நல்ல மனிதர். ஆனால் என் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முப்பத்தொரு வயதுப் பின்வரிசை வீரனுக்கு வேண்டிய காலம் என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது ஸ்கேன் காந்தத்தால் எடுப்பது. ஒடுங்கிய குழாய்க்குள் கிடக்க, காதுக்கு மேல் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம். முடிவைச் சொல்ல ஹெலன் கூப்பிட்டபோது, அவர் வாயைத் திறக்கும் முன்னரே அந்த அறையில் ஒரு தாதியும் கண்ணீர் துடைக்க ஒரு பெட்டித் திசுத்தாளும் இருந்ததைக் கண்டேன்.

“புற்றுநோய்க்கான சாத்தியம்தான் அதிகம். எடுக்கவேண்டும். கட்டியை மட்டும் வெட்டியெடுத்து, மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பேன். ஆனால் அது பெரிய இரத்தக்குழாய்களுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்து முடியாதென்றால், முழுதாக எடுக்கவேண்டி வரும். அதற்கும் உங்கள் சம்மதம் இப்போதே வேண்டும்.”

“ஒரு சிறுநீரகத்தோடு பந்து விளையாடலாமா?”

“ஒரு சிறுநீரகத்தோடு நெடுங்காலம் வாழலாம். விளையாடுவது வேறு கேள்வி. விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் சிறுநீரகம் கிழிவது அரிது. ஆனால் உங்களுக்கு அது நடந்திருக்கிறது. மிச்சமுள்ள ஒன்றுக்கும் நடந்தால், வாழ்நாள் முழுக்க இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம்செய்ய வேண்டி வரும்.”

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். “ஆட்டப் பருவம் முடியும்வரை பொறுக்கலாமா? கடைசி ஆட்டங்களில் ஆடிவிட்டால் யாராவது ஒரு வருடத்துக்கு எடுப்பார்கள். பிறகு சத்திரசிகிச்சை செய்யலாம்.”

ஹெலன் பதில் சொல்ல முன் டிலானி எழுந்துவிட்டாள். தமிழில்தான் பேசினாள். குரல் உயரவில்லை.

“ஜூட், நீங்கள் வீட்ட இருந்தாலும் சரி, பழையபடி எயார்போட்டில பெட்டி தூக்கினாலும் சரி, எனக்கு ஒண்டும் குறையாது. அமலிக்கும் குறையாது. ஆனா இதை உள்ளுக்கு வச்சுக்கொண்டு நீங்கள் இன்னொருக்கா மைதானத்துக்குப் போனா, நான் அங்க வந்து எல்லாருக்கும் முன்னால உங்களைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வருவன். சொல்லிப்போட்டன்.”

தாதி திசுத்தாள் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். டிலானி எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். சம்மதம் சொன்னேன்.

சத்திரசிகிச்சை நாளன்று காலையில் அம்மா பங்குக் கோயிலுக்குப் போகவில்லை. அது எனக்கு ஆச்சரியம். “மாதா என்னைத் தேடி வருவா. நீ வீட்டால வெளிக்கிடேக்க நான் நிக்கவேணும்” என்று வாசலில் நின்று, அமலியின் கையை ஆட்டி என்னை வழியனுப்பினார்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இயந்திரக் கைகளை உள்ளே விட்டு, வைத்தியர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவற்றை இயக்கும் முறை அது. வெளியே பெரிய காயம் இராது. மயக்க மருந்து கொடுத்தவர் உங்கள் கழகம் இந்தப் பருவம் இன்னும் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்புமா என்று கேட்டார். தப்பும் என்று சொல்ல வாயெடுத்தது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வாய் காய்ந்திருந்தது. இடது பக்கம் கல்லை வைத்துத் தைத்ததுபோல இருந்தது. ஒரு தாதி என் பெயரைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். “எடுத்துவிட்டார்களா?” என்று கேட்டேன். “வைத்தியர் வந்து சொல்வார்” என்றாள். கொஞ்சம் கழித்து வந்த வேறொருவரிடம் கேட்டேன். “ஓய்வெடுங்கள்” என்றார். கண்ணை மூடினால் உள்ளே எது இருக்கிறது எது இல்லை என்று தெரியுமா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வார்ட்டுக்குக் கொண்டுவந்தபோது டிலானி நின்றாள். அவளிடம் கேட்கவே தேவை இருக்கவில்லை.

“எடுத்துப்போட்டினம். முழுசா” என்றாள். “கட்டி குழாயோட ஒட்டிக்கொண்டு இருந்ததாம். விட்டிருந்தா ரத்தத்தை நிப்பாட்டி இருக்கேலாதாம். மற்றது நல்லா வேலை செய்யுதாம். பாருங்கோ.” பையைத் தூக்கிக் காட்டினாள். வெளிர் மஞ்சள். “இவ்வளவு வடிவான நிறத்தை நான் கண்டதில்லை.”

சிரித்தேன். சிரித்தால் தையல் இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான் என்று சொல்லலாம்.

எடுத்த சிறுநீரகத்தைப் பரிசோதித்து முடிவு வரச் சில வாரங்கள். மறுபடி காத்திருக்கும் அறை, மறுபடி பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிடும் குரல். முதலில் அந்த அறைக்குள் திசுத்தாள் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, ஆனால் யன்னல் ஓரத்தில். ஹெலன் நேரே சொன்னார். புற்றுநோய்தான். ஆனால் சிறுநீரகத்தின் உறையைத் தாண்டவில்லை. வேறெங்கும் போனதாகத் தெரியவில்லை. மருந்து ஏற்றத் தேவையில்லை. வருடக்கணக்காக ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

வெளியே வந்து ட்ராம் ஏறினோம். உட்கார்ந்தபிறகு டிலானி அம்மாவுக்குப் போன் எடுத்து, “மாமி, தப்பிட்டார்” என்றாள். மற்றப் பக்கத்தில் அம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அழுகிற சத்தம் மட்டும் முன் இருக்கைக்காரருக்கும் கேட்டது. கோஃபிக்கு நான் ஒரு வரி அனுப்பினேன். அவன் பதிலுக்கு எழுதவில்லை, அன்று பின்னேரமே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்மா மீன் பொரித்தார்.

இனி விளையாடுவதா விடுவதா என்பதை ஒருவரும் எனக்காக முடிவெடுக்கவில்லை. டிலானியிடம் கேட்டேன்.

“நான் வேண்டாம் எண்டு சொன்னா, சாகிறவரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பீங்கள்” என்றாள். “கட்டியோட போகவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு உரிமை இருந்தது. இது உங்கட.”

மெல்ல மெல்ல ஓடத் தொடங்கினேன். உடம்பு திரும்பி வந்தது. பருவத் தொடக்கப் பயிற்சிக்கு வந்து பார் என்று மனேஜர் சொன்னார். இடுப்பைச் சுற்றிப் பாதுகாப்புப் பட்டை ஒன்று கட்டிக்கொண்டு போனேன். முதல் வாரங்களில் என்னை யாரும் தொடக்கூடாது என்று சிவப்பு மேலாடை தந்தார்கள். பிறகு ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு, சிறிய மைதானத்தில் இரு அணியாகப் பிரிந்து ஆடவிட்டார்கள்.

நன்றாகத்தான் ஆடினேன். நிற்கவேண்டிய இடத்தில் நின்றேன், மற்றவர்களைக் கத்தி நகர்த்தினேன். அப்போது பக்கத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. சோதனைக்காக வந்திருந்த புதிய முன்வரிசை வீரன் ஒருவன் அதற்கு ஓடிவந்தான். நல்ல உடம்புக்காரன், ஓட்டத்தோடேயே எழும்பினான். பந்து என்னுடையது. அவனுக்கு முன்னமே அது எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். என் கால்கள் எழும்பவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி, கையால் வலது விலாவை மூடிக்கொண்டு, அவனுக்கு வழிவிட்டேன். அவன் தனியாக எழும்பி, ஆற அமரப் பந்தைத் தலையால் வலைக்குள் போட்டான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். கோல் காக்கும் எங்கள் கோலி வாய் நாறத் திட்டுகிறவர். பயிற்சியாளர் இதைவிடச் சின்னப் பிழைக்கெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறவர். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. கோலி வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்தார். ரேச்சல் எல்லைக்கோட்டில் நின்று வேறெங்கோ பார்த்தாள். “பரவாயில்லை, அடுத்த பந்து” என்று பயிற்சியாளர் மிக மெதுவாகச் சொன்னார்.

பதினைந்து வருடத்தில் என்னிடம் ஒருவரும் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி முடித்தேன். எல்லாருக்கும் கை கொடுத்தேன், நான் வழிவிட்ட அந்தப் புதியவனுக்கும். பிறகு இடுப்புப் பட்டையைக் கடைசித் தடவையாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மனேஜரின் அறைக் கதவைத் தட்டினேன்.